துஹாமியின் பதினோரு காலடி

லமீன்: ...அதெல்லாம் அப்புறம் பேசலாம். நீ கோட்டு மேல நிக்கிற மச்சான். காலை எடு.

துஹாமி: எந்தக் கோடு? இன்னும் போடவே இல்லையே.

லமீன்: போடப் போறேன்ல.

துஹாமி: போடும்போது எடுக்கிறேன். டின்னை இப்படிக் குடு. இந்தப் பக்கத்தை நான் போடுறேன்.

லமீன்: டின் என்கிட்டயே இருக்கட்டும். காத்தைப் பார்த்தியா? நீ தட்டினா பாதிச் சுண்ணாம்பு தண்டவாளத்துக்குப் போயிடும்.

துஹாமி: ஆமா. இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல காத்தே அடிக்கல. இந்த வாரந்தான் வந்திருக்கு.

லமீன்: நூலைப் பிடி. இழு. இன்னும்... போதும். தொங்க விடாத.

துஹாமி: கொஞ்ச நாளா டின்னைத் தரவே மாட்டேங்கிற நீ.

லமீன்: இந்த டின்னுக்கு அடியில ஆணியால ஓட்டை போட்டவன் நான். இதுல இருந்த தக்காளியைக் காசு குடுத்து வாங்கினது என் பொண்டாட்டி.

துஹாமி: உன் பொண்டாட்டி என் தங்கச்சி. அப்போ பாதி டின் எனக்கு.

லமீன்: சரி, மேல் பாதியை நீ வச்சுக்க. ஓட்டை இருக்கிற பாதி எனக்கு.

துஹாமி: ...எத்தனை மணிக்கு வர்றாராம் அந்த ஃபுட்பால் லீக் ஆபீஸ்காரர்?

லமீன்: பத்து. டேப்போட வர்றாராம். போன மாசம் பக்கத்து ஊர் மைதானத்தை அரை மீட்டர் கம்மின்னு தள்ளிட்டாராம். கெஞ்சிப் பார்த்தாங்களாம். காதுலயே வாங்கலையாம்.

துஹாமி: நம்மளைத் தள்ள மாட்டாரு. நாலு மூலையிலயும் கல்லு புதைச்சிருக்கு. பெனால்டி கட்டத்துக்கும் கல்லு. நமக்கு முன்னாடி மைதானத்தைப் பார்த்துக்கிட்ட கெமைஸ் அண்ணன் நின்னு புதைச்ச கல்லு அதெல்லாம். எத்தனை மழை, எத்தனை லாரி... அசையல. டேப் என்ன சொல்லும்? கல்லு சொல்றதைத்தான் சொல்லும்.

லமீன்: கல்லு இருக்கிற எடத்துக்குச் சரி. பெனால்டி புள்ளிக்கு?

துஹாமி: அதுக்கு நான் இருக்கேன்.

லமீன்: அதுக்கும் அன்னைக்கே ஒரு கல்லைப் போட்டிருந்தா...

துஹாமி: உதைக்கிறவன் கால் விரலை யாரு ஒட்ட வைக்கிறது? நீயா? கோல் கோட்டுலேருந்து பதினோரு மீட்டர். என் அடி ஒரு மீட்டர். பதினோரு அடி வைக்கிறேன், ஒரு பிடி சுண்ணாம்பு வைக்கிறேன். இதுல கல்லு எதுக்கு?

லமீன்: இல்லன்னு யாரு சொன்னா? பள்ளிவாசல் சுவர் கட்டும்போது கொத்தனார் உன்னைத்தானே கூட்டிட்டுப் போனாரு. மீட்டர் கோலை வீட்டுல மறந்துட்டு வந்துட்டேன், துஹாமி வந்து ரெண்டு நடை நடந்துட்டுப் போகட்டும்னாரு.

துஹாமி: நாலு நடை. சுவர் பெருசு.

லமீன்: நான் அதுக்குச் சொல்லல. இது பொண்ணுங்க டீம் விஷயம். மைதானம் பாஸ் ஆகலன்னா அவங்க ஆட்டமெல்லாம் கஃப்ஸா டவுன்ல. பேக்கரி நூரி நேத்தே சொல்லிட்டான். இங்கன்னா என் பொண்ணு ஆடட்டும், வண்டி ஏறிப் போய் ஆடுறதா இருந்தா வேண்டாம்னு. அவன் நிறுத்தினா மத்த அப்பனுங்களும் நிறுத்துவானுங்க. டீம் அன்னையோட முடிஞ்சுது.

துஹாமி: தெரியும்டா. ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ...அந்த நீல நாற்காலியை ஏன் வெளிய எடுத்து வச்சிருக்க?

லமீன்: வர்றவரு உட்கார வேண்டாமா?

துஹாமி: ஷெட்டுக்குள்ள தள்ளு. அவரு வந்ததும் எடுத்துக்கலாம். அதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

லமீன்: நாற்காலி உன்னை என்ன பண்ணுச்சு?

துஹாமி: தள்ளுன்னா தள்ளு. நான் புள்ளி வைக்கப் போறேன். நீ கொடியை நடு.

லமீன்: சரி சரி.

துஹாமி: ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு...

லமீன்: மச்சான், கொடி மூணுதான் இருக்கு.

துஹாமி: எண்ணும்போது பேசாதடா. ஏழு. எட்டு. ஒம்பது. பத்து... பதினொண்ணு. நாலாவது கொடி ஷெட்டுக் கதவுக்குப் பின்னாடி. போன வாரம் நீதான் அதால பூனையை விரட்டின.

லமீன்: ஆமால்ல.

துஹாமி: அந்தக் கோலுக்கும் வச்சுட்டு வந்துடறேன். இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு இரு.

லமீன்: பூட்டிட்டேன்.

*

மப்ரூக்கா: ரெண்டு ஆம்பளைங்க நிக்கிறீங்களே, யாராவது ஒருத்தர் வந்து இந்த மூட்டையை வாங்குங்க. தோள் போயிடுச்சு.

துஹாமி: குடும்மா. ...எல்லாருதுமா?

மப்ரூக்கா: பொண்ணுங்க சட்டை பதினொண்ணு மட்டும். பசங்களோடது மத்தியானம். அண்ணே, நீ சாப்பிட்டியா?

துஹாமி: ரொட்டியும் எண்ணெயும் சாப்பிட்டேன்.

லமீன்: இது என்ன இப்படி ஈரமா இருக்கு? எட்டாம் நம்பர் முதுகைப் பிழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி வரும்.

மப்ரூக்கா: உடம்புல போட்டா காஞ்சிரும்.

லமீன்: மொட்டை மாடியில கொடிக்கயிறு கட்டினது எதுக்கு? பதினோரு சட்டையும் கையை விரிச்சு ஒரே வரிசையில காயணும், சட்டைக்கு ஒரு மீட்டர், அளந்து வாங்கிட்டு வாங்கன்னு என்னைக் கடைக்கு விரட்டினியே... இப்போ ஞாயித்துக்கிழமை விடிஞ்சா கொடியை அவிழ்த்துடற. சட்டையெல்லாம் சுவத்து மேல கெடக்கு.

மப்ரூக்கா: மூட்டையை வேற எதால கட்டுறது? உங்க மீசையாலயா?

துஹாமி: பத்தாதும்மா. கைக்குட்டை கட்டத்தான் வரும்.

லமீன்: அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துட்டீங்களா? சரி, வலை எங்க?

துஹாமி: ஷெட்டுல. நான் எடுத்துட்டு வரேன்.

லமீன்: மெதுவா போ.

துஹாமி: ஏன் மெதுவா?

லமீன்: ...வலை பழசு. இழுத்தா கிழிஞ்சிரும்.

துஹாமி: வலையை இழுக்கும்போது மெதுவா இழுக்கிறேன். நடக்கும்போது என்ன?

லமீன்: சரி, ஓடு. யாரு வேண்டாம்னா?

*

லமீன்: போயிட்டானா?

மப்ரூக்கா: ஷெட்டுக்குள்ள போயிருச்சு அண்ணன்.

லமீன்: தொடப்பத்தைக் குடு.

மப்ரூக்கா: இன்னைக்குமா?

லமீன்: இன்னைக்குத்தான் முக்கியம். பார்த்தேன் மப்ரூக்கா. கொடி நட்டுக்கிட்டே ஓரக்கண்ணால பார்த்தேன். இத்துனூண்டு வைக்கிறான் அடி. செருப்பு தரையை விட்டு எழும்பவே மாட்டேங்குது. தரையைத் தேச்சுக்கிட்டே போகுது.

மப்ரூக்கா: ம்.

லமீன்: அவனோட பதினொண்ணு இப்போ பத்துதான். போன வருஷம் ரமலான் போட்டியில முதமுதல்ல கண்ணுல பட்டுச்சு. அன்னையிலேருந்து ஒவ்வொரு வாரமும் அவன் வச்ச புள்ளியைக் கூட்டி அழிச்சுட்டு ஒரு பெரிய அடி வெளியே தள்ளி வைக்கிறேன். ரெண்டு பக்கமும். நான் எட்டி வச்சா மீட்டர் வரும்.

மப்ரூக்கா: எனக்கே சொல்றீங்களா? அன்னைக்கு அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினது யாரு?

லமீன்: அதை மறந்துடாத.

மப்ரூக்கா: மறக்கல. ஆனா இன்னைக்காவது நேரா சொல்லிடலாமே. டேப் வருது. எதாவது முன்ன பின்ன ஆச்சுன்னா...

லமீன்: என்னன்னு சொல்றது? உன் அடி இனிமே செல்லாதுன்னா? கெமைஸ் அண்ணனுக்கு என்ன பண்ணினோம்? மரியாதை பண்றோம்னு நாற்காலி போட்டோம். நிழல்ல. புதுசா வாங்கி, நீலக் கலர்ல. நீங்க இனிமே எதையும் தூக்க வேண்டாம், உட்கார்ந்து பாருங்க போதும்னோம். கை தட்டினோம். அடுத்த ஞாயிறு அவரு வரல. அதுக்கடுத்த ஞாயிறும் வரல. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டா, உட்கார்றதுக்கு எனக்கு இங்கேயே எடம் இருக்குப்பான்னு சொன்னாரு.

மப்ரூக்கா: தெரியும்.

லமீன்: ஆறு மாசம். அவ்வளவுதான் இருந்தாரு. இவனும் அப்படி வீட்டோட உட்கார்ந்துட்டா நான் ஞாயித்துக்கிழமை யார்கூட சண்டை போடுவேன்? ...தொடப்பத்தைக் குடு. அவன் வந்தா நீ பேச்சுக் குடுத்துப் பிடிச்சு வை. அந்தக் கோலை முதல்ல முடிச்சுட்டு இங்க வந்துடறேன்.

மப்ரூக்கா: இருங்க, இந்தக் கோலை முதல்ல பண்ணுங்க. அண்ணன் வெளிய வந்தா பக்கத்துல இருக்கிறதுதான் கண்ணுல படும்.

லமீன்: அதுவும் சரிதான். உனக்கு மூளை இருக்கு.

மப்ரூக்கா: இருந்து என்ன பண்ணுறது.

*

துஹாமி: வலையில எலி குடும்பம் நடத்தியிருக்கு. மூணு எடத்துல ஓட்டை. ...அவன் எங்க?

மப்ரூக்கா: அந்தக் கோல் பக்கம். கொடி சாஞ்சிருச்சாம்.

துஹாமி: கையில தொடப்பம் இருக்கு.

மப்ரூக்கா: ஆட்டுப் புழுக்கை கெடந்துச்சாம்ணே.

துஹாமி: வாராவாரம் கூட்டுறான். வாராவாரமா ஆடு வருது?

மப்ரூக்கா: அதுக்கும் பழக்கம் ஆயிருக்கும். உட்காரு இப்படி. வலையை நான் தைக்கிறேன், நீ பிடிச்சுக்க.

துஹாமி: நிக்கிறேன். நின்னாத்தான் நல்லாருக்கு.

மப்ரூக்கா: டாக்டர் என்ன சொன்னாரு? வியாழக்கிழமை போய்ட்டு வந்து வாயே திறக்கல நீ.

துஹாமி: புது மாத்திரை குடுத்திருக்காரு. கை ஆடுறது கொஞ்சம் நிக்குமாம்.

மப்ரூக்கா: காலு?

துஹாமி: காலு... அது போறபடி போகும்னாரு. அடி குறுகிக்கிட்டேதான் வருமாம். விசித்திரமா இருக்கும்மா. பெருசா வைன்னு நான் சொல்றேன். சரிங்க சரிங்கன்னு சொல்லிட்டு அது பாதிதான் வைக்குது. நகராட்சி குமாஸ்தா மாதிரி.

மப்ரூக்கா: சிரிக்க வைக்காதண்ணே. ஊசி குத்திரும்.

துஹாமி: ஆனா நான் விடுவேனா? அதான் பன்னெண்டு வைக்கிறேனே. வாயால பதினொண்ணுதான் எண்ணுவேன். ஏழுன்னு மட்டும் ரெண்டு தடவை சொல்லிடுவேன். இன்னைக்கு லமீனே நடுவுல கத்தி உதவி பண்ணிட்டான். சின்ன அடி பன்னெண்டு, பழைய அடி பதினொண்ணு. வீட்டு முற்றத்துல மீட்டர் கோலை வச்சே பார்த்துட்டேன். பிசிறே இல்ல.

மப்ரூக்கா: ...பிசிறே இல்லையா?

துஹாமி: ஒரு விரக்கடைகூட இல்ல. டேப் என்ன, எதை வேணா கொண்டு வரட்டும் அந்த ஆளு. ஏன் முகம் இப்படி ஆகுது உனக்கு?

மப்ரூக்கா: நூல் தீர்ந்துடுச்சு. அண்ணே... லமீன்கிட்ட சொல்லிடேன். டாக்டர் சொன்னது, பன்னெண்டு அடி, எல்லாத்தையும்.

துஹாமி: முடியாது. நீயும் சொல்லக் கூடாது. போன வருஷமே சத்தியம் பண்ணியிருக்க.

மப்ரூக்கா: இவரு உன்னை என்ன பண்ணிடப் போறாரு?

துஹாமி: முதல்ல அழுவான். அது பரவால்ல, அவன் அழுதா எனக்குச் சிரிப்பு வரும். அழுது முடிச்சுட்டு, அந்த நாற்காலியைத் தூக்கிட்டு வந்து எனக்குப் போடுவான். ...எனக்கு இதுதான்மா மிச்சம். மத்த ஆறு நாளும் மாத்திரை, தூக்கம், சன்னல். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் என் காலு ஒரு வேலையா ஒரு எடத்துக்குப் போகுது. அந்தப் பக்கம் பன்னெண்டு, இந்தப் பக்கம் பன்னெண்டு. அதையும் எடுத்துட்டா நான் எதுக்கு எழுந்திரிக்கிறது?

மப்ரூக்கா: நீ எழுந்திரிக்கத்தான் போற. வலையை விடு. முடிஞ்சுது.

துஹாமி: வர்றான் உன் வீட்டுக்காரன். எதுக்கு இப்படி ஓடி வர்றான்?

லமீன்: வந்துட்டாரு... வந்துட்டாரு.

மப்ரூக்கா: யாரு?

லமீன்: டேப்பு. லீக் ஆபீஸ்காரரு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வண்டி நிக்குது.

துஹாமி: மணி எட்டரைதானே ஆகுது.

லமீன்: அவருக்கு யாரு கடிகாரம் வாங்கிக் குடுக்கிறது? பாஸ்பேட் கூட்ஸ் ரயில் குறுக்க போகுது. அது போற வரைக்கும் கேட்டைத் திறக்க மாட்டாங்க.

மப்ரூக்கா: எத்தனை பெட்டி?

லமீன்: எண்ணிட்டா வந்தேன்? நீளமா இருக்கு. ஏன்?

மப்ரூக்கா: அண்ணே, நீ கேட்டுக்குப் போ. ரயில் போனதும் அவரை மரியாதையா கூட்டிட்டு வா. நடத்தியே கூட்டிட்டு வா, வண்டி இந்த மண்ணுல புதைஞ்சிரும்னு சொல்லு. நீங்க போய் டீக்குப் பாதாம் வாங்கிட்டு வாங்க.

லமீன்: பாதாமா? இப்போவா?

மப்ரூக்கா: வெறும் டீயைக் குடிச்சுட்டு அவரு வெறும் மைதானம்னு எழுதிட்டா?

லமீன்: ரெண்டு பேருமே போயிட்டா இங்க யாரு...

மப்ரூக்கா: நான் இருக்கேன். மைதானத்தை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. போங்க. அண்ணே, நீ மெதுவாவே போ.

துஹாமி: இவளும் ஆரம்பிச்சுட்டா.

*

லமீன்: மூச்சு விடாத.

துஹாமி: நீ விடாத. உன் மூச்சுல டேப் ஆடுது.

லமீன்: நீளம் சரியாம். அகலமும் சரியாம். முகத்துல ஒண்ணும் காட்ட மாட்டேங்கிறாரே மனுஷன். கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி இருக்காரு.

துஹாமி: கெமைஸ் அண்ணன் கல்லு. நான் சொன்னேன்ல.

லமீன்: கோல் கோட்டுல ஒரு முனையை வச்சுட்டாரு. நடந்து வர்றாரு. புள்ளிக்குத்தான்.

துஹாமி: நான் பார்க்கல. நீ பார்த்துச் சொல்லு.

லமீன்: எனக்கும் பார்க்க முடியல.

துஹாமி: யாராவது ஒருத்தன் பார்க்கணும்டா.

லமீன்: குனியிறாரு. கண்ணாடியைப் போடுறாரு. படிக்கிறாரு... பதினொண்ணு.

துஹாமி: பதினொண்ணுன்னா? பதினொண்ணு எவ்வளவு?

லமீன்: பதினொண்ணு, அவ்வளவுதான். அவரு வாயாலயே சொன்னாரு. எதை வச்சு அளந்தீங்கன்னு கேட்கிறாரு.

துஹாமி: சொல்லேன்.

லமீன்: இவரு காலடிங்க. இவரு நடந்து வைக்கிறதுதான், இருபத்தாறு வருஷமா. ...பாரு, தலையை ஆட்டுறாரு. சிரிச்ச மாதிரிகூட இருக்கு.

துஹாமி: சிரிச்சாரா?

லமீன்: மீசை அசைஞ்சுது. மச்சான், உன் காலு தங்கக் காலுடா.

துஹாமி: அப்படியெல்லாம் இல்ல.

லமீன்: இல்லன்னு நானும் சொல்லல... ஆமான்னும் சொல்லல. எதுக்கோ உன் தங்கச்சி கையைக் காட்டுறா.

துஹாமி: அவரை நாற்காலியில உட்கார வச்சுட்டா. டீ குடுத்துட்டா. இந்தப் பக்கம் வர்றா.

மப்ரூக்கா: ரெண்டு பேரும் இப்படி வாங்க. சிரிச்ச முகமா வாங்க. அவரு பார்க்கிறாரு.

லமீன்: சிரிச்ச முகந்தான். பதினொண்ணுன்னு சொன்னது உனக்குக் கேட்கல?

மப்ரூக்கா: கேட்டுச்சு. டீ குடிச்சுட்டு அந்தக் கோலுக்குப் போறாராம்.

துஹாமி: போகட்டும். அதுவும் பதினொண்ணுதான்.

லமீன்: அதேதான். நான் பார்த்துக்கிட்டேன்.

துஹாமி: நீ என்னத்தைப் பார்த்துக்கிட்ட?

லமீன்: இல்ல... நீ பார்த்துக்கிட்டன்னு சொல்ல வந்தேன்.

மப்ரூக்கா: அது பதினொண்ணு இல்ல. பன்னெண்டு.

துஹாமி: உனக்கு எப்படித் தெரியும்?

மப்ரூக்கா: ஆளுக்கு ஒரு சத்தியம் வாங்கி வச்சிருக்கீங்க என்கிட்ட. ரெண்டையும் நான் உடைக்க மாட்டேன். நீங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கங்க. அவரு முதல் கிளாஸ்ல பாதி குடிச்சுட்டாரு.

லமீன்: நீ சொல்லு.

துஹாமி: நீ முதல்ல சொல்லு.

மப்ரூக்கா: முக்கால் குடிச்சுட்டாரு.

லமீன்: மச்சான், ஆட்டுப் புழுக்கை இல்ல.

துஹாமி: எது?

லமீன்: வாராவாரம் நான் கூட்டுறது. அது புழுக்கை இல்ல, நீ வச்ச புள்ளி. உன் அடி சின்னதாயிருச்சுடா. எனக்குச் சொல்ல வாய் வரல. அழிச்சுட்டு ஒரு அடி தள்ளி வச்சேன். ஒரு வருஷமா.

துஹாமி: ஒரு வருஷமாவா?

லமீன்: திட்டு. இப்போவே திட்டிடு. ஆனா வராம மட்டும் இருந்துடாத.

துஹாமி: நான் ஏழு ரெண்டு தடவை எண்ணுறேன்.

லமீன்: என்ன?

துஹாமி: பன்னெண்டு அடி வைக்கிறேன்டா. வாயால பதினொண்ணு, காலால பன்னெண்டு. ஒரு வருஷமா. காலுக்கு வியாதி. டாக்டர் பேரு சொன்னாரு, வாயில நுழையல. கையும்தான். அதான் நீ டின்னைத் தராதப்போ கோபம் வந்துச்சு... அதே நேரம் நல்லதாவும் போச்சு.

லமீன்: எந்த டாக்டர்? எப்போ போன? யாரு கூட வந்தா?

துஹாமி: அழாத. அவரு பார்க்கிறாரு.

லமீன்: சுண்ணாம்பு கண்ணுல விழுந்துடுச்சு.

துஹாமி: காத்துதான் இல்லையே இப்போ.

லமீன்: இருக்கு. உனக்குத் தெரியல. ...நாற்காலி போட மாட்டேன் மச்சான். என்கிட்ட சொல்லாம இருந்தது அதுக்குத்தானே? அவரு எந்திரிச்சதும் அதைக் கொண்டு போய்ச் சூளையில போட்டுடறேன்.

துஹாமி: பிளாஸ்டிக்டா அது. ஊரே நாறும்.

மப்ரூக்கா: நீங்க பேசிக்கிட்டிருக்கும்போதே ஓடிப் போய் ரெண்டாவது கிளாஸ் ஊத்திக் குடுத்துட்டு வந்தேன். அது முடிஞ்சா எந்திரிச்சிடுவாரு.

துஹாமி: இரு. நான் ஒண்ணு கூட்டினேன். இவன் ஒண்ணு கூட்டினான். அப்போ அந்தக் கோல் பன்னெண்டு. சரி. ஆனா இந்தக் கோலுக்கும் நான் பன்னெண்டுதானே வச்சேன்?

லமீன்: நானும் இங்க தள்ளி வச்சேனே. இதைத்தான் முதல்ல பண்ணினேன்.

துஹாமி: அப்போ இதுவும் பன்னெண்டுல்ல இருக்கணும்? டேப் எப்படிப் பதினொண்ணு சொல்லுச்சு?

லமீன்: டேப் தப்பா இருக்குமோ?

துஹாமி: நீளமும் அகலமும் கல்லுக்குச் சரியா சொல்லுச்சே.

லமீன்: ...மப்ரூக்கா.

மப்ரூக்கா: ம்.

லமீன்: சட்டையெல்லாம் ஏன் மண்ணுல அவுந்து கெடக்கு? மூட்டை கட்டின கயிறு எங்க?

மப்ரூக்கா: நான் போத்தியிருக்கிற போர்வைக்குள்ள வச்சிருக்கேன். இந்தாங்க. ரெண்டு முடிச்சுக்கும் நடுவுல பதினோரு மீட்டர். நீங்க வாங்கிட்டு வந்தது, கடைக்காரன் இரும்புக் கோலால அளந்து குடுத்தது. வாராவாரம் நீங்க ரெண்டு பேரும் ரெஃப்ரியைக் கூட்டிட்டு வரப் போவீங்களே, இதைப் போட்டுப் புள்ளியைத் திரும்பச் சரியா வைக்க அந்த அரை மணி எனக்குப் போதும். இன்னைக்கு அதுக்குள்ள ரயில் போய் முடிஞ்சுபோச்சு. இந்தப் பக்கந்தான் ஆச்சு.

லமீன்: அதனாலதான் சட்டையெல்லாம் ஈரமா...

மப்ரூக்கா: போட்டா காஞ்சிரும்னு சொன்னேன்ல.

துஹாமி: அப்போ அளந்தது கயிறு. நான் இத்தனை நாளும் வச்ச அடி எதுக்கும்மா?

மப்ரூக்கா: கயிறு நீளத்தை மட்டுந்தான் சொல்லும்ணே. கோல் நடுவுலேருந்து எந்தப் பக்கம் போகணும்னு அதுக்குத் தெரியாது. நான் தனியா இழுத்தா அது கோணிக்கிட்டுப் போகும். ஒரு வருஷமா உன் செருப்பு தேஞ்ச தடத்து மேலதான் இதைப் போடுறேன். ஒரு நாளும் நீ கோணலா நடக்கல. நாற்காலியில அந்த மனுஷன் உட்கார்ந்திருக்காரு, இன்னொரு கிளாஸ் ஊத்தி நான் எந்திரிக்க விடாம பார்த்துக்கிறேன். இவரு அந்தக் கோல் கோட்டுல முடிச்சைப் பிடிச்சுக்கட்டும். நீ மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நட. எண்ண வேண்டாம்ணே, நடந்தா போதும்.